முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்: பினாங்கில் பழைய கார் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு

"அண்ணே, பிறையில தாத்தா வீட்டுப் பந்தலுக்குக் கீழ மோரிஸ் மைனர் ஒன்னு பத்து வருஷமா நிக்குது. பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு வருகிறார்கள். கார் மாறும், ஊர் மாறும், கேள்வி மாறாது. எல்லாருக்கும் முதலில் பெயிண்ட்தான். நான் சொல்லும் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் கெரான் என்ற உரிமைப் பத்திரம், அப்புறம் துரு, அப்புறம் பிரேக், அப்புறம் தண்ணீர், அதற்குப் பின் கரண்ட். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிப் போகிறது.

எனக்கு மட்டும் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்ததா என்ன? 1964ஆம் வருடத்து மைனர் ஒன்றை வாங்கிய கையோடு கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்து, பம்பருக்குக் குரோம் போட்டு, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். மூன்றாவது வாரம் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியபோது, முன்பக்கம் 'தொப்' என்று உட்கார்ந்தது. இடது சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போயிருந்தது. புதுப் பெயிண்ட் சிமெண்டுத் தரையில். ஏன் மடங்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முன்தினம் நான் பாலத்தில் 80இல் போய் வந்திருந்தேன் என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள்.

எந்த வண்டி எடுப்பது

தாத்தா வண்டி இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. புதிதாகத் தேடுகிறவர்களுக்கு என் யோசனை இது: வாரத்தில் நாலு நாள் வேலைக்கு ஓட்டிப் போக ஆசை என்றால் டாட்சன் 120ஒய், அல்லது முதல் தலைமுறை புரோட்டோன் சாகா. சாகாவைப் பழைய கார் என்றால் சிரிக்கிறார்கள். அது வெளிவந்தது 1985 ஜூலையில். நாற்பது தாண்டிவிட்டது. சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூட அதற்குச் சாமான் தேறும், போர்மன் என்று நாம் சொல்லும் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

கையில் கிரீஸ் படுவது பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் போதும் என்றால் மோரிஸ் மைனர். 1948இல் வந்து எழுபதுகளின் தொடக்கம் வரை செய்தார்கள். பிற்பாடு மினியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் கைவேலைதான் இதுவும். எஞ்சினைச் சுற்றி ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு இடம் இருக்கும். ஒரு பாகத்தைக் கழற்ற இன்னொன்றைக் கழற்ற வேண்டியதில்லை. தண்ணீர்த் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் காற்றில் குளிரும் வோக்ஸ்வேகன் பீட்டில் பக்கம் போகலாம்.

மெர்சிடிஸ் டபிள்யூ123 கேட்டு வருகிறவர்களிடம் ரோட் டேக்ஸைக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசி வரை வருடத்துக்கு 20 ரிங்கிட். 1098 சிசி மைனருக்கும் 1171 சிசி 120ஒய்க்கும் 55 ரிங்கிட். அந்த மெர்சிடிஸில் 2299 சிசி 230ஈ என்றால் 679 ரிங்கிட். ரோட் டேக்ஸே இப்படி என்றால் பாகங்கள் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அருமையான வண்டி, மறுக்கவில்லை. முதல் வண்டியாக வேண்டாம்.

கெரான் இல்லாத காரைத் தொடாதே

வங்கி இந்த வயசு வண்டிக்குக் கடன் தராது, ரொக்கம்தான். ரொக்கத்தை நீட்டுமுன் கெரானைக் கையில் வாங்குங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உங்கள் கண்ணால் படித்து, கெரானில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மைனரில் எஞ்சின் எண் சிறு தகட்டில் எஞ்சினின் மேல் பகுதியில் இருக்கும். எண்ணெய் அழுக்கைத் துடைத்தால்தான் தெரியும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

நான் பார்க்காமல் வாங்கினேன். அறுபது வருடத்தில் எவரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார், எங்கும் பதியவில்லை. பெயர் மாற்ற, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கேட்கும் பி5 சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனபோது எண் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. எஞ்சின் மாற்றத்தை முறைப்படி பதிந்து, மறுபடி சோதனைக்குப் போய், கெரான் என் பெயருக்கு வர மழைக்காலம் முடிந்துவிட்டது. நிறம் மாற்றினாலும் இதே கதைதான், ஜேபிஜேயில் பதிய வேண்டும். பச்சைக் காரை நீலமாக்கிவிட்டுச் சும்மா இருந்தால் ரோட் பிளாக்கில் பதில் சொல்ல வேண்டிவரும்.

தாத்தா வண்டிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கெரானில் இருப்பவர் காலமாகிவிட்டால் பேரன் நேராகப் போய்ப் பெயர் மாற்ற முடியாது. சொத்துப் பங்கீட்டு ஆணை வேண்டும். அது நீதிமன்றம் வழியாகவோ அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா வழியாகவோ வரும். சித்தப்பா, அத்தை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே வண்டிக்கு ஒரு காசு செலவழிக்குமுன் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். நீங்கள் காசு போட்டுத் தயாராக்கிய பிறகு எல்லாருக்கும் தாத்தா மேல் பாசம் வந்துவிடும்.

துரு

பினாங்கு தீவு. கடல் காற்று எங்கே போனாலும் பின்னாலேயே வரும். கடலோரக் கர்னி டிரைவ் பக்கம் திறந்தவெளியில் நின்ற காரையும் பாலிக் பூலாவில் கூரைக்குக் கீழ் நின்ற காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வருடத்தில் பிறந்தவை என்று நம்ப மாட்டீர்கள்.

பார்க்கப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று, மெல்லிய துணி, டார்ச், பழைய ஸ்குரூடிரைவர் கொண்டு போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, ஏறும் இடத்துப் பலகை ஆகியவற்றில் நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே இரும்பு இல்லை, ஓட்டையை நிரப்பிப் பூசிய பட்டிதான் இருக்கிறது. அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். தரையை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். அரித்த தகடு அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி 'டொக்' என்னும்.

மைனர் மாதிரி வண்டிகளில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடம்பே எலும்பு. ஓட்டுநர் காலடிப் பெட்டி, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பக்கவாட்டுப் பெட்டிகள் அரித்திருந்தால் அது அழகுக் குறைச்சல் இல்லை, கார் இரண்டாக மடங்கும் வேலை. எஞ்சின் கெட்டிருந்தால் வாங்கலாம். தரை கெட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

பிரேக்

இதற்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் போகிற மைவி காருக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, டிஸ்க் பிரேக் இருக்கிறது. அதன் டிரைவர் திடீரென்று மிதித்தால் அது நின்றுவிடும். உங்கள் மைனருக்கு நாலு பக்கமும் டிரம். மிதித்த கணமே பிடிக்காது. பெடலில் கொஞ்சம் வெற்றுத் தூரம், அப்புறம் கொஞ்சம் யோசனை, அப்புறம்தான் பிடிப்பு. அதைவிட முக்கியமானது, எல்லாச் சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியில் போகிறது. இப்போதைய காரில் இரண்டு வழி இருக்கும், ஒன்று ஒழுகினால் மற்றது காப்பாற்றும். பழையதில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரமும் விடுதலை.

பிரேக் எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று புதிதாக வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பானட்டைத் திறந்து தேடுவார்கள். மைனரில் அது அங்கே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, சின்ன மூடித் தகட்டைக் கழற்றினால்தான் எண்ணெய் மூடி கண்ணில் படும். கண்ணில் படாததை யார் பார்க்கிறார்கள்? சில வண்டிகளில் அந்த மூடியைத் திறந்தபோது தேநீர் நிறத்தில் கலங்கிய எண்ணெயைப் பார்த்திருக்கிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம்முடைய ஈரக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் சிலிண்டருக்குள்ளேயே துருவை உண்டாக்கும், மலை இறக்கத்தில் சூடேறினால் ஆவியாகிப் பெடலைப் பஞ்சாக்கும்.

ஆகவே புதிதாக வாங்கிய வண்டியில், விற்றவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி, இவற்றை மாற்றிவிடுங்கள்: ரப்பர் ஹோஸ் அத்தனையும், சக்கரச் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள், எண்ணெய். இரும்புக் குழாயில் துருப் புள்ளி தெரிந்தால் குழாயும். இதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும்.

டிரம் பிரேக்கை அவ்வப்போது டைட் வைக்க வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். டிரம்மில் ஒரு துளை தெரியும். சக்கரத்தைச் சுற்றி, அந்தத் துளை வழியாக ஸ்குரூடிரைவரை விட்டால் உள்ளே திருகு தட்டுப்படும். முன்சக்கரத்தில் இரண்டு திருகு, பின்சக்கரத்தில் ஒன்று. சக்கரம் பிடித்துக்கொள்ளும் வரை திருப்பி, ஒரு 'கிளிக்' பின்னால் விடுங்கள். சக்கரம் சுற்றும்போது லேசாக 'ஸ்ஸ்' என்று உரசுவது கேட்கலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் முன்பக்கம் ஒரு திருகை மட்டும் திருப்பிவிட்டு, இரண்டாவது இருப்பதே தெரியாமல் 'பிரேக் ஒரு பக்கமா இழுக்குது' என்று வருகிறார்கள்.

முன் பிரேக்கின் அமைப்பு வண்டி முன்னால் போகும்போது நன்றாகப் பிடிக்கிற மாதிரி. பின்னால் உருளும்போது அவ்வளவு பிடிக்காது. மேட்டில் நிற்கும்போது காலை நம்பாமல் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் கம்பி வழியாகப் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது, எண்ணெயோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒருநாள் பெடல் தரையைத் தொட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். ஆளில்லாத தெருவில், 30 கி.மீ. வேகத்தில், பெடலைத் தொடாமல் கியரைக் குறைத்து ஹேண்ட்பிரேக்கால் மட்டும் நிறுத்திப் பழகுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

என் முன்சக்கரம் ஏன் மடங்கியது

சக்கரத்தைத் தாங்கும் கிங்பின் என்ற தண்டின் மேலும் கீழும் டிரனியன் என்ற பாகம் உண்டு. மரை போட்ட பாகம், கிங்பின் அதற்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. நடுவில் கிரீஸ் இருந்தால் காலத்துக்கும் நிற்கும். இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் மடங்கும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பது ஒரு புண்ணியம்.

இதற்கு மருந்து ஒரு கிரீஸ் கன். 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கி.மீ.க்கு, முன்பக்கத்தில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அழுத்துங்கள். சக்கரத்தைத் தூக்கிவிட்டு அழுத்துங்கள், பாரம் இருந்தால் கிரீஸ் தேவையான பக்கம் போகாது. நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் கன்னின் வாயோரமாகவே பிதுங்கும். 'போட்டாச்சு' என்று நினைத்துக்கொள்வோம். என் வண்டியில் நடந்தது அதுதான். பெயிண்ட் அடித்தவர் நிப்பிள் மேலேயே பெயிண்டை அடித்து அடைத்துவிட்டிருந்தார். அடித்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன், அடிக்கச் சொன்னது நான்.

மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்றால் அன்று எங்கும் போக வேண்டாம்.

சூடு

இங்கிலாந்தின் குளிருக்குச் செய்த வண்டியை மாலை ஐந்தரைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஜேமில் கொண்டுபோய் நிறுத்தினால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? ரேடியேட்டர் முதலில். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் அங்கங்கே கையை வைத்துப் பாருங்கள், காற்றாடியிலிருந்து விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஓரிடம் சுட்டு ஓரிடம் குளிர்ந்திருந்தால் உள்ளே சுண்ணாம்பும் துருவும் அடைத்திருக்கிறது. புதுக் கோர் போட்டுவிடுங்கள். கழுவி ஊற்றி ஏமாந்தது போதும். தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றுங்கள். மின்விசிறி ஒன்றைச் சுவிட்சோடு மாட்டிக்கொள்வது தப்பே இல்லை. ஒரிஜினல் போய்விடும் என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் ஜேமில் நிற்பதில்லை.

நடுவழியில் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தால் ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். வெந்துபோவீர்கள், ஆனால் எஞ்சின் பிழைக்கும். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தானே. கொதிக்கும் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அரை மணி நேரம் பொறுத்து, கனத்த துணி போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி ஆவியை விட்டுவிட்டு, அப்புறம்.

தண்ணீர் நன்றாக இருந்தும் கார் 'புக் புக்' என்று திணறி நின்றால் அது பெட்ரோல் சூடு. பெட்ரோல் போகும் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. மைனரின் எஸ்யூ பெட்ரோல் பம்ப் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. சாவியைப் போட்டதும் 'டக், டக், டக்' என்று தட்டி, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் ஆவியையோ காற்றையோ அடித்துக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்பை வரிசையாக மாட்டும் வைத்தியம் ஒன்று உலகமெங்கும் உண்டு. என் மாமாவும் செய்திருந்தார். குழாய் குளிர்ந்ததோ இல்லையோ, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தது. குழாயைச் சைலன்சர் சூட்டிலிருந்து தள்ளிவிட்டு, கார்புரேட்டருக்குக் கீழே ஒரு தகடு தடுப்பு வைப்பதுதான் வேலை செய்கிறது.

அந்தத் தகட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்துப் பெட்ரோல் சொட்டினால் நேராகச் சூட்டில் விழும். ஹோஸை வருடம் ஒருமுறை மாற்றினாலும் பரவாயில்லை. ஒரு கிலோ தீயணைப்பான் இருக்கைக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

எஞ்சின் எண்ணெய் 20டபிள்யூ-50, மினரல். ஈயம் கலந்த பெட்ரோல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. பழைய இரும்பு ஹெட்டுகளின் வால்வு உட்காரும் இடம் ஈயத்தை நம்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அடிக்கடி நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்கள் ஹெட்டைக் கழற்றும் சமயம் கெட்டி வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம். என் வண்டி ஆர்ஓஎன்95 பெட்ரோலில் ஓடுகிறது.

கரண்ட்

இதில் ஒரே ஒரு ஆபத்துதான் பெரியது. பழைய ஆங்கிலக் கார்களில் பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இப்போதைய காரில் மைனஸ். பேட்டரி இறங்கிப்போய் உதவிக்கு வருகிற நல்லவர் பழக்கத்தில் கறுப்புக் கம்பியை உங்கள் காரின் உடம்புத் தகட்டில் கவ்வவிட்டால் தீப்பொறி பறக்கும், அவருடைய புதுக் காரின் கம்ப்யூட்டர் வரை போகலாம். பேட்டரி முனையிலேயே பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதை ஒரு அட்டையில் எழுதிப் பேட்டரி மேல் ஒட்டிவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளும் வரும்.

டைனமோ ஜேமில் நிற்கும்போது சார்ஜ் ஏற்றாது. மழை இரவில் விளக்கும் வைப்பரும் மின்விசிறியும் சேர்ந்து பேட்டரியைக் குடிக்கும். பின் விளக்கு சின்னது. பின் கண்ணாடிக்குள் ஒரு எல்இடி பிரேக் விளக்கை ஒட்டிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரிய வேண்டும். முன் இருக்கை பெல்ட் இங்கே 1979இலேயே கட்டாயமாகிவிட்டது. உங்கள் காரில் இல்லையென்றால் பலமான இடம் பார்த்து வெல்டிங் வைத்து மாட்டுங்கள்.

சாலைக்கு வருவோம்

முதல் மாதம் வீட்டிலிருந்து ஐந்து கி.மீ. சுற்றளவு. ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் சேரவைக்கும் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர், இல்லாவிட்டால் 'கர்ர்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்.

முன்னால் போகும் காரிலிருந்து நிறைய இடம் விடுங்கள். நீங்கள் விட்ட இடத்தில் ஒரு ஆள் நுழைவார், அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் இரண்டு நுழையும். கோபப்படாமல் மறுபடி இடம் விடுங்கள். பழைய காரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து போன் பிடிக்கிறவர்கள் இன்னொரு தொல்லை. கைகாட்டிச் சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னால் போகவிடுங்கள்.

தீவிலிருந்து அக்கரைக்குப் போக முன்பு பெர்ரி இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், பழைய காருக்கு அதுபோல் சொகுசு கிடையாது. 2020 முடிவோடு கார்களை ஏற்றுவது நின்றுபோனது. இப்போது பாலம்தான் வழி. 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கி.மீ., பத்து மாவுங்கிலிருந்து போகும் இரண்டாவது பாலம் 24 கி.மீ. ஜேமில் அடைபட்டு நிற்க நேரும் நேரங்களில் முதல் பாலத்தில் ஏறாதீர்கள். சூடேறி நின்றால் ஒதுங்க இடமில்லை. இடது ஓரம் மோட்டார் சைக்கிள்களுக்கு. காலை ஏழுக்கு முன்னால், ஒரே சீராக 70, 80 என்று இடது கார் பாதையில் போனால் மைனர் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். பக்கக் காற்று ஸ்டீயரிங்கைத் தள்ளுவது தெரியும், பயப்பட வேண்டாம். டோல் கட்டும் டச் அன் கோ கார்டைப் பாக்கெட்டில் தேடாமல் கையில் வைத்திருங்கள், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும் என்பதை டோல் வந்த பிறகு ஞாபகப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் பூலாவ். டுரியான் காலம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வளைவுக்கு வளைவு கார் நிற்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் கருகல் வாசனை வரும், அடுத்த வளைவில் பெடல் கெட்டியாக இருக்கும் ஆனால் வண்டி நிற்காது. வாசனை வந்தால் ஒதுங்கிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வானத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். ஏர்கண்டிஷன் இல்லாததால் மழையில் உள்கண்ணாடி முழுக்கப் பனி மூடும். முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஒரு துணி மடியில் இருக்கட்டும். ஜாலான் பி. ரம்லீ போல் தண்ணீர் தேங்கும் தெருக்களை மழை நாளில் மறந்துவிடுங்கள். தண்ணீருக்குள் போய் வந்துவிட்டால் லேசாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள். நனைந்த டிரம் முதல் மிதியில் பிடிக்காது.

இன்சூரன்ஸ், போர்மன், சாவி

சாதாரண இன்சூரன்ஸ் சந்தை மதிப்பைப் பார்க்கும், அறுபது வருடத்துக் காருக்குச் சந்தை மதிப்பு என்று கம்ப்யூட்டர் எதைச் சொல்லும்? முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி தருகிற ஏஜெண்டைத் தேடுங்கள். எல்லாப் பக்கமும் இருந்து எடுத்த படமும் செலவு ரசீதுகளும் கேட்பார்கள். வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். முழுக் காப்பு கிடைக்காவிட்டால் மூன்றாம் தரப்புக் காப்பாவது கட்டாயம்.

பழைய காரைத் தொடுகிற போர்மன் குறைந்துகொண்டே வருகிறார். கார்புரேட்டரைப் பிரிக்கச் சொன்னால் கம்ப்யூட்டரைச் செருக இடம் தேடும் பையன்கள்தான் அதிகம். அறுபதைத் தாண்டிய போர்மன் ஒருவர் கிடைத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், பேரம் பேசாதீர்கள். கோப்பியும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுங்கள், வாய் திறப்பார். மலேசிய சிங்கப்பூர் விண்டேஜ் கார் பதிவகம் போன்ற சங்கங்களில் சேர்ந்தால் யாரிடம் எந்தச் சாமான் இருக்கிறது என்பது தெரியவரும். மைனருக்கு இங்கிலாந்திலிருந்து பெரும்பாலும் எல்லாமே வரவழைக்கலாம். தபால் செலவையும் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நட்டு திருகும் சாவி, அதாவது ஸ்பேனர், விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். வீட்டிலிருக்கும் 13ஆம் நம்பர் சாவி அதில் போய் உட்காரும், சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும். இறுகிய நட்டில் அழுத்தித் திருப்பினால் வழுக்கி, நட்டின் மூலைகள் உருண்டைக் கோலியாகிவிடும். அங்குலச் சாவி ஒரு செட் வாங்கிவிடுங்கள். டாட்சனுக்கும் சாகாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

டயர் நிறைய ஓடாமலே கிழவனாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் வருடத்து 23ஆவது வாரம். தரையில் படும் பக்கத்துப் பூ தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு டிரம் மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காருக்குக் கீழே பழைய அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எங்கே எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் போர்மனிடம் சொல்ல விஷயம் கிடைக்கும்.

பிறைத் தம்பி போன மாதம் போன் செய்தான். சித்தப்பாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், பின் டிரம்மைக் கழற்றிப் பார்த்ததில் சிலிண்டர் இரண்டும் ஒழுகுகிறதாம். என் வண்டியின் இடது மட்கார்டில் அன்று தரையில் தேய்ந்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது, பிரைமர் மட்டும் பூசிவைத்திருக்கிறேன். எப்போது பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி கேட்கிறார்கள். அடிக்கலாம். முன் ஹோஸ் இரண்டு வர வேண்டியிருக்கிறது, அது வந்துவிடட்டும்.